பதினான்கு வருடம் கழித்து பாரதக் கூத்துக்குத் திரும்புகிறவருக்கு

நீங்கள் கேட்டிருப்பது இது: செய்யாறு பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது துபாயில் வேலை. ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவுக்குப் பதினான்கு வருடம் கழித்து வரப்போகிறீர்கள். கையில் ஐந்து நாள் லீவு, கூடவே பத்து வயது மகள். எந்தெந்த ராத்திரிக் கூத்தைப் பார்க்கலாம் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "நான் சின்ன வயதில் பார்த்த கூத்து இன்னும் இருக்குமா?" என்று ஒன்று போட்டிருக்கிறீர்களே, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் இருபத்தாறு வருடமாகக் கூத்துக்கு மிருதங்கம் வாசிக்கிறேன். அப்பாவும் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், இருந்தவர். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரம்தான் எனக்குத் தெரிந்த களம். தெற்கே விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துப் பாணி வேறு. அங்கே அடவும் பாட்டும் வேறு மாதிரி போகும். அதைப் பற்றி நான் பேசினால் அது கேள்வி ஞானம்தான். உங்கள் ஊர் என் வட்டாரத்தில் இருப்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது கதை வரிசை. பகலில் பிரசங்கியார், வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய பாரதமான வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்லிக்கொண்டு வருவார். அவர் பகலில் சொன்ன கதை ராத்திரி களத்தில் வேஷம் கட்டி வரும். திரௌபதி கல்யாணத்துக்கான வில்வளைப்பில் தொடங்கி, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, விராட பருவத்துக் கீசக வதம், கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று போகும். கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி, மறுநாள் தருமர் பட்டாபிஷேகம். எத்தனை ராத்திரி கூத்து வைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். சில ஊரில் பதினெட்டு நாள் விழாவில் பத்து ராத்திரி கூத்து, சில ஊரில் எட்டு. செலவு கட்டுப்படியாகாமல் இரண்டு கதையை ஒரே ராத்திரியில் முடிக்கிற ஊரும் உண்டு. உங்கள் ஊர்க் கணக்கை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. காப்புக் கட்டுவதற்கு முன்பே நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். ஊரில் யாரிடமாவது சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வாங்கிவிடுங்கள். எந்தத் தேதியில் எந்தக் கூத்து, எந்த ஜமா, அதை நடத்துகிற வாத்தியார் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். விமான டிக்கெட்டை அதைப் பார்த்த பிறகு போடுங்கள்.

ஐந்து நாள்தான் என்றால் என் யோசனை, கடைசி ஐந்து நாள். அப்படி வந்தால் துகிலும் தபசும் போய்விடும். அது சின்ன இழப்பில்லை. துகில் அன்றைக்குத் துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கூத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நடிப்புதானே என்று யாரும் அங்கே நினைப்பதில்லை, வேஷம் கட்டியவரும் நினைப்பதில்லை. தபசு மரத்தில் அர்ச்சுனன் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் எறிய, பிள்ளை வரம் கேட்டு ஈரச்சேலையோடு நிற்கிற பெண்கள் மடியேந்துவதும் அப்படித்தான். ஆனாலும் கடைசி ஐந்து நாளில் கதை இறுகிக்கொண்டே வந்து படுகளத்தில் உடைகிறது. அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று பொறுக்கினால் மகளுக்கு ஒன்றுமே ஒட்டாது.

அதிலும் ஒரே ஒரு ராத்திரியையாவது முழுசாகப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஊருக்குத் திரும்பி வருகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு என்று நான் பார்த்தது இதுதான்: பத்து மணிக்கு வருவார்கள், திரை விலகி ராஜா வேஷம் வருவதைப் பார்ப்பார்கள், வீடியோ எடுப்பார்கள், பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஐந்து ராத்திரியும் அப்படி வந்தாலும் அவர்கள் கூத்துப் பார்த்ததாக ஆகாது. கூத்தின் கட்டுமானம் விடியலை நோக்கித்தான் இருக்கிறது. முன்ராத்திரியில் கோமாளியான கட்டியக்காரன் விளையாடுவான், வேஷங்கள் ஒவ்வொன்றாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும், ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். ஒரு மணிக்கு மேல்தான் தர்க்கம் சூடுபிடிக்கும். மூன்றரை மணிக்குக் களத்தில் இருக்கிற பாட்டு பத்தரை மணிக்கு ஒருபோதும் வராது. பாடுகிறவன் தொண்டையும் கேட்கிறவன் மனசும் அதற்குள் வேறு இடத்துக்குப் போயிருக்கும். நான்கு ராத்திரியை விட்டுவிட்டுத் தூங்கினாலும் பரவாயில்லை, ஒன்றை, தொடக்கத்தில் வாத்தியம் வாசித்துக் களரி கட்டுவதிலிருந்து முடிவில் மங்களம் பாடுகிற வரைக்கும் உட்கார்ந்து பாருங்கள்.

எது அந்த ஒன்று என்றால் கர்ண மோட்சம். இது என் சொந்த விருப்பம் என்றும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் காரணம் இருக்கிறது. போருக்குக் கிளம்புகிற கர்ணனுக்கும் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கிற தர்க்கம்தான் அதன் உயிர். வில்லிபாரதத்தில் தேடினால் அந்த இடம் கிடைக்காது, கூத்துக்காரர்கள் வளர்த்தது. கணவன் தேரோட்டி வளர்த்த பிள்ளை என்பதால் பொன்னுருவி அவனைத் தொடவிடமாட்டாள், வாசலில் நிறுத்திக் குலம் கேட்பாள். நாளைக்குச் சாகப்போகிறவன் தன் பிறப்பைத் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருப்பான். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக் கருமாதி ராத்திரியிலும் இந்தக் கூத்தைத்தான் வைப்பார்கள். அதனால் களத்தில் உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு இந்தப் பாட்டோடு சொந்தத்தில் ஒரு சாவு ஞாபகம் ஒட்டியிருக்கும். பொன்னுருவி கடைசியில் கர்ணனைப் புரிந்துகொண்டு போக வேண்டாம் என்று தடுக்கிற இடத்தில், மிருதங்கத்தை அடக்கி வாசித்துக்கொண்டே நான் எதிரே பார்ப்பேன். எத்தனை தடவை பார்த்த கிழவிகளாக இருந்தாலும் முந்தானை முகத்துக்குப் போயிருக்கும்.

அன்றைக்கு எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வேஷம் கட்டுகிற பந்தலுக்குப் போங்கள். வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாக உட்காரலாம், குழந்தையோடு வந்தால் யாரும் விரட்டமாட்டார்கள். ஒவ்வொருவரும் பாயில் உட்கார்ந்து கைக்கண்ணாடியைக் காலுக்கு இடையில் நிறுத்திவைத்துத் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வார். முதலில் எண்ணெய், அப்புறம் அரிதாரம், அதன்மேல் மீசை, புருவம், கடைசியாக ஈர்க்குச்சியால் கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகள். எழுதி முடித்தவர் எழுந்து நிற்க, இன்னொருவர் பழைய சேலைகளை மடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார், அதன்மேல் விரிகிற பாவாடை. காலில் கெச்சை என்கிற சலங்கை. கடைசியில்தான் கட்டை: கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டியது. லேசான மரம்தான், ஆனால் எல்லாம் சேர்த்துக் கட்டி எட்டு மணி நேரம் ஆடினால் தோள் சொல்லும். கட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கட்டிக்கொள்வார்கள். சற்று முன் வரை பீடி பிடித்துக்கொண்டு மகனுடைய பள்ளிக்கூடக் கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மனிதர் கிரீடம் ஏறியதும் பேச்சை நிறுத்திவிடுவார். அதை உங்கள் மகள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். அப்புறம் திரை பிடித்து, திரைக்குப் பின்னால் கால் மட்டும் தெரிய, தன்னைப் பற்றித் தானே "மகாராஜன் வந்தார்" என்று பாடிக்கொண்டு ஒருவர் வரும்போது அவளுக்கு அது யார் என்று தெரியும்.

சரி, பழைய கூத்து இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். மாறியது என்ன என்று என் பாயிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பெரிய மாற்றம் மைக். என் அப்பா காலத்தில் ஊர் எல்லை வரைக்கும் கேட்கிற மாதிரி மேல் ஸ்தாயியில் பாடுவார்கள், களம் முழுக்கச் சுற்றி ஆடுவார்கள். இப்போது களத்தின் நடுவில் மேலே ஒரு மைக் தொங்குகிறது. பாட்டு வந்தால் எல்லோரும் அதன் அடியில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. முப்பது அடி அகலத்துக்குச் சுழன்று போடுகிற கிறிக்கி பத்து அடிக்குள் சுருங்கிவிட்டது. சில ஜமாக்கள் இரண்டு மூன்று மைக் தொங்கவிட்டு இதைச் சமாளிக்கின்றன, சட்டையில் குத்துகிற மைக்கும் வந்திருக்கிறது. நல்ல வாத்தியார் கையில் ஆட்டம் இன்னும் விரிகிறது. அடுத்தது முகவீணை. குட்டி நாயனம் மாதிரி இருக்கும், கீச்சென்று ஏறி ராத்திரிக் காற்றைக் கிழிக்கும். அதை வாசிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அது இல்லாமல் ஆர்மோனியம் மட்டும் வைத்து நடத்துகிற ஜமாக்கள் நிறைய. உங்கள் ஊருக்கு வருகிற ஜமாவில் முகவீணை இருந்தால் அது உங்கள் பாக்கியம், அவர் பக்கமாகவே உட்காருங்கள். விளக்கு மாறிவிட்டது. பெட்ரோமாக்ஸ் போய், டியூப்லைட் போய், இப்போது கண்ணைக் கூசுகிற எல்இடி. அரிதார முகம் மஞ்சள் வெளிச்சத்துக்காக எழுதப்பட்டது. வெள்ளை வெளிச்சத்தில் பாதி அழகு போய்விடுகிறது. ஊர்க்காரர் என்ற உரிமையில் நீங்கள் விழாக் குழுவில் ஒரு விஷயம் கேட்கலாம் என்றால், இரண்டு மஞ்சள் பல்பு கேளுங்கள்.

நல்ல மாற்றமும் உண்டு. நம் பக்கத்தில் ஆண்களே பெண் வேஷம் கட்டி வந்த கலை இது. காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் என்ற ஊரில் ராஜகோபால் வாத்தியாரும் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் முறையாகப் பயிற்சி கொடுத்தது. அங்கே கற்ற பெண்கள் விடிய விடிய ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் "பெண்கள் ஆடமாட்டார்களா" என்று கேட்டால் ஆடுகிறார்கள் என்று சொல்லலாம். உங்கள் தாலுக்காவிலேயே புரிசை இருக்கிறது. கண்ணப்பத் தம்பிரான் தெருக்கூத்தை நவீன நாடகக்காரர்களோடு சேர்த்து உலகத்துக்குக் கொண்டுபோன ஊர். அவருக்குப் பிறகு அவர் குடும்பம் அதை விடாமல் நடத்துகிறது. அடுத்த தடவை சித்திரை, வைகாசிக்கு லீவு கிடைக்காவிட்டால், புரிசையில் அவர் நினைவாக நடக்கிற விழாவைப் பார்த்துத் தேதி வைத்துக்கொள்ளுங்கள்.

கலை செத்துவிட்டது என்று எழுதுகிறவர்களை நான் ஏற்பதில்லை. 2020இலும் 2021இலும் பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் நாங்கள் கட்டை கட்டவில்லை. எங்கள் வருடச் சம்பாத்தியமே அந்த நாலு மாதம்தான். வாத்தியார்கள் செங்கல் சூளைக்குப் போனார்கள், நான் நெல் மூட்டை தூக்கினேன். மிருதங்கத் தோல் சுருங்கிப்போய் மறுபடி மூட்ட வேண்டியிருந்தது. 2022இல் முதல் ராத்திரி ஒரு சின்ன ஊர், அறுத்த நெல் வயல், தாள்கட்டை காலில் குத்துகிறது. களரி கட்ட உட்கார்ந்து முதல் தட்டுத் தட்டியதும் வயலைச் சுற்றியிருந்த வீடுகளிலிருந்து பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜனம் இறங்கி வந்ததைப் பார்த்தேன். பின்பாட்டுக்காரருக்கு முதல் அடி எடுக்கவே குரல் வரவில்லை. அந்த வருடம் எனக்கு நாற்பத்தி மூன்று ராத்திரி வேலை இருந்தது. அதனால், இருக்குமா என்று கேட்டால் இருக்கிறது. நீங்கள் பார்த்த அதே ஆட்கள் இருக்கமாட்டார்கள், அவர்களில் சிலர் காலமாகியிருப்பார்கள். அதற்கு மட்டும் மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாருங்கள்.

சந்தேகத்துக்கு உரிய ஒரு விஷயம். கூத்து இரண்டாயிரம் வருடப் பழையது என்று மகளுக்குச் சொல்லத் தோன்றும். சிலப்பதிகாரத்தில் கூத்து என்ற சொல்லும் பலவகைக் கூத்தும் வருவது உண்மை. ஆனால் இன்றைக்கு நாம் பார்க்கிற வேஷமும் கட்டையும் பாட்டும் அப்படியே அன்றைக்கு இருந்தன என்பதற்குச் சான்று காட்ட முடியாது. நாம் பாடுவது வில்லிபுத்தூராருக்குப் பிந்தியது என்பது வரைக்கும் தெளிவு. பெயரிலும் வழக்கு இருக்கிறது. தெருவில் ஊர்வலமாகப் போவதுதான் தெருக்கூத்து, ஒரே களத்தில் விடிய விடிய ஆடுவது கட்டைக்கூத்து என்று ராஜகோபால் வாத்தியார் பிரித்துச் சொன்னார். எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊரில் கேட்டால் "கூத்து" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

மகளைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். தூங்கிவிடுவாளே என்றால், தூங்கட்டும். நாம் எல்லோரும் தூங்கித்தான் பார்த்தோம். சண்டை வரும்போது பாட்டி உலுக்கி எழுப்பிவிட்டதுதானே உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கோரைப்பாய், ஒரு கெட்டிப் போர்வை, தண்ணீர், கொசுவுக்கு ஏதாவது எடுத்து வாருங்கள். சித்திரையானாலும் மூன்று மணிக்கு வயல் காற்று குளிரும். ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேர் எதிரே உட்காராதீர்கள், குழந்தைக் காது தாங்காது. களத்தின் பக்கவாட்டில், வாத்தியக்காரர்கள் தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள். கட்டியக்காரன் சில இடத்தில் பச்சையாகப் பேசுவான். அது கூத்தில் காலங்காலமாக இருப்பது, ஆனால் இப்போது சில பேர் எல்லை தாண்டுகிறார்கள் என்பதும் உண்மை. பிடிக்காவிட்டால் அந்த நேரத்தில் டீக்கடைப் பக்கம் கூட்டிப்போங்கள். முன்கூட்டியே கதையைச் சொல்லி வையுங்கள். யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்கு மாமன் என்பது தெரிந்தால் போதும், மீதியைக் களமே சொல்லிவிடும்.

அன்பளிப்புக் கொடுக்க நினைப்பீர்கள், கொடுங்கள். ஆனால் நடுராத்திரியில் தர்க்கத்துக்கு இடையில் கட்டியக்காரன் கையில் கொடுத்தால் அவன் கூத்தை நிறுத்திவிட்டு உங்கள் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் அறிவிக்க வேண்டும். பத்துப் பேர் அப்படிக் கொடுத்தால் பொன்னுருவி அழுதுகொண்டே நிற்க வேண்டியதுதான். ஆரம்பத்திலோ விடிந்த பிறகோ கொடுங்கள். முடிந்தால் வேஷக்காரருக்கு மட்டும் இல்லாமல் பின்பாட்டுக்காரருக்கும் முகவீணைக்காரருக்கும் சேர்த்து. போனில் படம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. பிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள், சுற்றி ஆடுகிறவருக்குக் கண் இருண்டுவிடும்.

கடைசியாகப் படுகளம். பதினெட்டாம் போர் ராத்திரி முடிந்து வெயில் ஏறுகிற நேரம், மைதானத்தில் துரியோதனன் மண்ணால் செய்த உருவமாகப் படுத்துக்கிடப்பான். பல ஊர்களில் உருவம் ஐம்பது அடியைத் தாண்டும். ராத்திரி முழுக்க ஆடிய பீமனும் துரியோதனனும் அரிதாரம் வியர்வையில் வழிய அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடுவார்கள், ஊரும் கூடவே ஓடும். தொடை உடைந்ததும் அம்மன் கூந்தல் முடிவாள். துடைப்பத்தோடும் முறத்தோடும் ஒப்பாரி வரும். எல்லாம் முடிந்ததும் ஆட்கள் குனிந்து அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போவார்கள், நெல் வைக்கிற இடத்தில் போட்டுவைக்க. கூட்டத்தில் மகள் கையை விடாதீர்கள். அவளையும் ஒரு பிடி எடுக்கச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் கையில் கிடைத்ததும் எந்த ஜமா என்று எனக்கு எழுதுங்கள். தெரிந்தவர்களாக இருந்தால் வாத்தியாரிடம் நீங்கள் வருவதைச் சொல்லிவைக்கிறேன்.